சீஷெல்ஸ் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றை

மனைவி, எட்டு வயது மகள், 68 வயது அம்மா, இவர்களோடு ஆகஸ்டில் ஏழு நாள் சீஷெல்ஸ் போகலாமா, எந்தத் தீவில் தங்குவது, நான் கடற்படையில் இருந்த காலத்தில் அந்த நாடு எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். பாப்பாவின் கோடை விடுமுறையில், ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ போங்கள். ஹோட்டல் எது, விமானம் எது என்பதெல்லாம் பிறகு. அந்த ஊருக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1994 ஆகஸ்டில் மும்பையிலிருந்து கிளம்பினோம். நான் அப்போது சிக்னல் பிரிவில், பெரும்பாலும் கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் வாட்ச், அதாவது முறைக் காவல். மும்பையிலிருந்து சீஷெல்ஸின் முக்கியத் தீவான மாஹே ஏறக்குறைய 1,750 கடல் மைல். தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருந்த நேரம். நாங்கள் போன திசையும் தென்மேற்கு. முதல் மூன்று நாள் காற்று முகத்திலேயே அறைந்தது. கப்பல் அலையில் ஏறி, மூக்கைக் குத்தி இறங்கும்போது பிரிட்ஜ் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் வந்து மோதும். நாங்கள் சாப்பிட்டுத் தூங்கும் மெஸ் டெக்கில் பாதிப் பேர் படுத்த படுக்கை. கேலியில், அதாவது கப்பல் சமையலறையில், சமைத்ததைச் சாப்பிட ஆள் இல்லை.

நான்காம் நாள் காற்று தெற்கே திரும்பியது. பூமத்திய ரேகையைத் தாண்டிய மறுநாள் அதிகாலை வாட்சில் பார்த்தால், நேர் முன்னால் அடித்த அதே காற்று இப்போது கப்பலின் இடது விலாவில் அடிக்கிறது. தென்கிழக்கு. கப்பல் திசை மாறவில்லை, காற்றுதான் மாறியிருந்தது. பக்கத்தில் நின்ற நேவிகேட்டிங் ஆபீசர் சார்ட்டில் விரலை வைத்துக் காட்டினார். தென்பாதியில் தென்கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து, அரபிக்கடலுக்கு மேல் தென்மேற்குக் காற்றாகிறது. நம் கரையில் கச்சான் என்றும் சோழகம் என்றும் இடத்துக்கு ஒரு பெயர் சொல்கிறோமே, குற்றாலத்தில் சாரல் விழ வைக்கிறதே, அந்தக் காற்று மாஹேயின் மலைகளை உரசிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த காற்றின் வேர் எங்கே இருக்கிறது என்று அன்று நேரில் பார்த்தேன். இன்றும் அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

ரேகையைத் தாண்டிய அன்று வழக்கப்படி சடங்கும் நடந்தது. முதல் தடவை தாண்டுகிற எல்லோரையும் பின் டெக்கில் உட்கார வைத்து, தலையில் மாவும் எண்ணெயும் கொட்டி, கித்தான் தொட்டிக் கடல்நீரில் முக்கி எடுத்தார்கள். சணல் தாடி வைத்து, கையில் சூலத்தோடு கடலரசனாக உட்கார்ந்தவர் எங்கள் பெரிய சீஃப். அன்று கொடுத்த சான்றிதழ் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

காற்றுக் கதையை இவ்வளவு சொன்னதற்குக் காரணம், உங்கள் ஏழு நாளும் அதன் கையில்தான் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று. மழை குறைவு, வெயிலும் இதம், ஆனால் கடல் குமுறும். ஜூலையும் ஆகஸ்டும் அதன் உச்சம். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வடமேற்குக் காற்று. புழுக்கமும் மழையும் சேர்ந்து வரும், ஜனவரியில் மழை மிக அதிகம். இரண்டுக்கும் இடையில் காற்று மாறுகிற ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் வாரங்களில்தான் கடல் குளம் மாதிரி கிடக்கும், தண்ணீருக்குள் அடிமணல் வரைக்கும் தெரியும். 2018 ஏப்ரலில் மனைவியோடு பயணியாகப் போனபோது, இதே கடலா எங்களை அப்படிப் புரட்டியது என்று நின்று பார்த்தேன்.

ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்றால் மனம் தளர வேண்டாம். கரையை மாற்றிக்கொள்ளுங்கள். மாஹேயின் நடுவில் 905 மீட்டர் உயர மலை நிற்கிறது. அது மறைக்கும் பக்கம் அமைதி, மறைக்காத பக்கம் கொந்தளிப்பு. ஆகஸ்டில் வடமேற்குக் கரையிலிருக்கும் போ வலோன் கடற்கரை பக்கம் தங்குங்கள். நீளமான மணல், குழந்தை இறங்கி நிற்கலாம். பிராலின் தீவில் அதே கணக்கில் வடமேற்கு மூலையில் ஆன்ஸ் லாசியோ. டிசம்பர், ஜனவரியில் போனால் கணக்கு தலைகீழ். போ வலோனில் அலை எழும், கிழக்குக் கரையின் ஆன்ஸ் ரோயல் அமைதியாகிவிடும். ஆன்ஸ் என்றால் அவர்கள் கிரியோல் மொழியில் குடா. வரைபடத்தில் பத்துக்கு ஐந்து பெயர் அப்படித்தான் தொடங்கும். அழகான படத்தைப் பார்த்து அறை பதிவு செய்துவிட்டு, போய் இறங்கினால் கரை முழுக்கக் கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கிறது என்று வருத்தப்படுகிறவர்கள், பெரும்பாலும் அந்தப் பருவத்தில் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் கரையைத் தேர்ந்தவர்கள்.

இதில் ஒரு இடத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாஹேயின் தெற்கே ஆன்ஸ் இன்டெண்டான்ஸ் என்று ஒரு கடற்கரை. அதைவிட அழகான கரையை நான் பார்த்ததில்லை. அந்த 1994 ஆகஸ்டில், லிபர்ட்டி, அதாவது கரைக்குப் போக அனுமதி, கிடைத்த நாள் நாங்கள் மூன்று பேர் அங்கே போனோம். மூவரும் நீச்சல் தேர்வு தேறியவர்கள். இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றோம். ஒரு பெரிய அலை உடைந்து திரும்பியபோது காலடி மணல் அப்படியே கரைந்து போனது, நண்பனைத் தண்ணீர் வெளியே இழுத்துக்கொண்டு போனது. அவன் கரையைப் பார்த்து நேராக நீந்தினான். கை வீசுகிறான், ஆனால் தூரம் கூடிக்கொண்டே போகிறது. மற்றவன் கரையிலிருந்து கையைப் பக்கவாட்டில் ஆட்டி, "சைடுல போ, சைடுல போ" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவனுக்கு அது கேட்டது. கரைக்கு இணையாக ஐம்பது அறுபது மீட்டர் நீந்தியதும் இழுப்பு விட்டது, அடுத்த அலையே அவனைக் கரைக்குத் தள்ளியது. வந்து விழுந்தவன் அரை மணி நேரம் பேசவில்லை. வெளியே இழுக்கும் நீரோட்டத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கக் கூடாது, பக்கவாட்டில் விலக வேண்டும். இதைப் பாப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். லா டீக் தீவின் கிழக்குப் பக்கத்திலுள்ள கிராண்ட் ஆன்ஸ், பெட்டீட் ஆன்ஸ் இரண்டும் தென்கிழக்குக் காற்றில் இதே குணம். அங்கே ஆகஸ்டில் கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். மாஹேயிலிருந்து பிராலினுக்கு வேகப் படகில் ஒரு மணி நேரம், பிராலினிலிருந்து லா டீக்குக்குக் கால் மணி நேரம். ஏப்ரலில் இது ஒன்றுமே இல்லை. ஆகஸ்டில் அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்குப் பெரும்பாடு ஆகிவிடலாம். மாஹே–பிராலின் இடையே சிறிய விமானம் ஓடுகிறது, இருபது நிமிடம்கூட ஆகாது. ஆகஸ்ட் என்றால் அம்மாவுக்காக அதையே எடுங்கள். படகுதான் என்றால், கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால் உட்காருங்கள். கப்பல் சீசா பலகை மாதிரி, நடுவில் ஆட்டம் குறைவு, முனையில் அதிகம். வெறும் வயிறு கூடாது. மேரி பிஸ்கட் போல உலர்ந்தது இரண்டு, சிறு துண்டு இஞ்சி போதும். கண் தொடுவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். வாந்தி மாத்திரை என்றால் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் வயிற்றில் தங்காது. மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், அம்மா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

இனி அந்தக் காலத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

விக்டோரியா, அந்த நாட்டின் தலைநகர். உலகத்தின் மிகச் சிறிய தலைநகரங்களில் ஒன்று. துறைமுகத்திலிருந்து நடந்தே ஊரைச் சுற்றிவிடலாம். நாற்சந்தியில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன மணிக்கூண்டு, 1903இல் விக்டோரியா மகாராணி நினைவாக வைத்தது. அதைத் தாண்டி நடந்தபோது கடைப் பலகைகளில் பிள்ளை, நாயுடு, செட்டி என்று ஆங்கில எழுத்தில் பெயர்கள். மூவாயிரம் கிலோமீட்டர் கடல் தாண்டி வந்து, அரைக் கிரியோலும் அரை பிரெஞ்சும் பேசுகிற ஊரில் இதைப் பார்ப்போம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஒரு கடைக்குள் போய்ச் சோப்பு கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் என் சீருடையில் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, "தம்பி எந்த ஊரு?" என்றார். நான் ஊரைச் சொன்னேன். "எங்களுக்கு மாயவரம் பக்கம். தாத்தா காலத்துல வந்தது" என்றார். சோப்புக்குக் காசு வாங்கவில்லை. பின்கட்டுக்குப் போய் ஒரு கை நிறையக் கறிவேப்பிலை ஒடித்துவந்து செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஆறு நாளாகக் கப்பலில் ரொட்டியும் பருப்புமாக இருந்தவர்களுக்கு, அன்று இரவு கேலியில் அந்த இலையைப் போட்டு ரசம் தாளித்த வாசம் மெஸ் டெக் வரை வந்தது. தமிழ்ப் பையன்கள் நாலு பேரும் தட்டை எடுத்துக்கொண்டு கேலி வாசலிலேயே நின்று சாப்பிட்டோம்.

கோயிலுக்கு வழி சொன்னதும் அவர்தான். குயின்சி தெருவில் நவசக்தி விநாயகர் கோயில். 1992இல் குடமுழுக்கு ஆகியிருந்தது, நாங்கள் போனபோது கோபுரத்து வர்ணம் புதிதாக மின்னியது. பின்னால் பச்சை மலை, முன்னால் வண்ணக் கோபுரம். தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு மாஹேயில் ஒரே ஒரு இடம்தான் காட்ட முடியும் என்றால் இதைக் காட்டுங்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள், பூசை முடிந்து திண்ணைப் பக்கம் உட்கார்ந்தால் அங்குள்ளவர்களே பேச்சுக் கொடுப்பார்கள்.

அந்தத் தெருவின் பெயருக்கும் கடற்படைக் கதை இருக்கிறது. குயின்சி என்பவர் இந்தத் தீவுகளை ஆண்ட கடைசி பிரெஞ்சு ஆளுநர். 1794 முதல் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வரும்போதெல்லாம் எதிர்க்கப் படை இல்லாததால் சரணடைவார், கப்பல் போனதும் பிரெஞ்சுக் கொடியை மறுபடி ஏற்றுவார். ஒரு தடவை இரண்டு தடவையல்ல, பல தடவை. ஒரு குண்டில்லாமல் தன் மக்களைக் காப்பாற்றிய மனிதர் என்றுதான் நான் அவரைப் பார்க்கிறேன். கொடி ஏற்றி இறக்குவதே தொழிலாக இருந்த எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். 1994இல் மரியாதை செலுத்தும் நேரத்தில் நான் ஏற்றிய சீஷெல்ஸ் கொடி மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை அலை, கீழே பச்சை. 1996இல் கொடியை மாற்றிவிட்டார்கள். 2010இல் மீண்டும் போனபோது மூலையிலிருந்து விசிறி போல விரியும் ஐந்து வண்ணக் கொடி வந்திருந்தது.

நம் ஆட்கள் அங்கே எப்போது போனார்கள் என்று அம்மா கேட்பார், அதனால் இதையும் சொல்கிறேன். 1770இல் செயின்ட் ஆன் தீவில் முதன்முதலாகக் குடியேறிய 28 பேரில் ஐந்து பேர் இந்தியர்கள். அதற்கு முன் அந்தத் தீவுகளில் மனிதக் குடியே கிடையாது. அந்த நாட்டின் முதல் அடுப்பு எரிந்த நாளிலேயே இந்தியர் அங்கே இருந்திருக்கிறார்கள். செயின்ட் ஆன் விக்டோரியா துறைமுகத்துக்கு எதிரிலேயே தெரியும். படகில் போகும்போது பாப்பாவுக்குக் கைகாட்டிச் சொல்லுங்கள்.

எங்கள் மெஸ்ஸில் மூத்தவர்கள் சொல்லும் கதைகள் வேறு. 1971இல் விமான நிலையம் திறக்கும் வரை வெளியுலகத்திலிருந்து அங்கே போகக் கப்பல்தான் வழி. பம்பாயிலிருந்து மொம்பாசா போகும் கரஞ்சா, கம்பாலா என்ற பயணிக் கப்பல்கள் நடுவில் மாஹேயில் நிற்கும். 1981 நவம்பரில் மைக் ஹோர் என்பவர் கூலிப்படையோடு சுற்றுலாப் பயணிகள் போல வந்து இறங்கினார். ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள். விமான நிலையத்திலேயே துப்பாக்கி வெளியே தெரிந்துவிட, அங்கே வந்திறங்கிய ஏர் இந்தியா விமானத்தைக் கடத்திக்கொண்டு டர்பனுக்குத் தப்பினார்கள். 1986இல் மறுபடி ஆட்சிக்கு ஆபத்து என்ற பேச்சு வந்தபோது நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் விந்தியகிரி விக்டோரியா துறைமுகத்தில் போய் நின்றது. சண்டை போடவில்லை, நின்றது, அவ்வளவே போதுமாக இருந்தது.

2010இல் நான் போனது கடற்கொள்ளையர் காலம். சீஷெல்ஸின் நிலம் முழுவதும் சேர்த்தால் 460 சதுர கிலோமீட்டர்கூட வராது. அவர்களுக்குரிய கடலோ 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு லட்சத்தைச் சுற்றிய மக்கள்தொகை உள்ள நாடு அவ்வளவு கடலைத் தனியாக எப்படிக் காக்கும்? அதனால் நம் கப்பல்கள் ரோந்து போயின. விக்டோரியாவில் அவர்களின் கடலோரக் காவல்படையின் கப்பல்துறையில் 'டோபாஸ்' என்ற ரோந்துக் கப்பல் கட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது: அது நம் ஐஎன்எஸ் தர்முக்லி. 2005இல் நம் நாடு கொடுத்த கப்பல். அந்த மார்ச்சில்தான் அது கொள்ளையரோடு மோதிப் பிணையாட்களை மீட்டிருந்தது. வேறு கொடி, வேறு வர்ணப்பட்டை, ஆனால் அதே உடல். கல்யாணமாகிப் போன பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

பிராலினில் வலே த மை காட்டை விட்டுவிடாதீர்கள். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரட்டைத் தேங்காய் விளையும் காடு. ஒரு காய் முற்ற ஆறேழு வருஷம், தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை இதுதான், இருபது கிலோவைத் தொடுவதும் உண்டு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இந்தத் தீவுகளை யாரும் அறியாத காலத்தில் காய்கள் கடலில் மிதந்து மாலத்தீவில் ஒதுங்கின, கடலுக்கடியில் விளைகிறது என்று நம்பினார்கள். பக்கீர்களும் ஆண்டிகளும் கையில் ஏந்திய கறுத்த ஓடுகளில் பல இதன் ஓடுதான். அங்கே வாங்க விரும்பினால் அரசு முத்திரையும் அனுமதிச் சீட்டும் உள்ள காயை மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதல். காட்டுக்குள் பாதை ஏற்ற இறக்கம், அம்மா முன்பகுதி வரை வந்தால் போதும். பக்கத்துக் கியூரியஸ் தீவில் ராட்சத ஆமைகள் சுதந்திரமாக நடமாடும். மாதக்கணக்கில் தீனி இல்லாமல் உயிரோடு இருக்கும் என்பதால், பழைய கப்பல்காரர்கள் இறைச்சிக்காக ஆமைகளை மல்லாத்தி அடுக்கிக் கொண்டுபோனார்கள். பல தீவுகளில் அப்படித்தான் இனமே அழிந்தது. எங்கள் தொழிலின் முன்னோர் செய்த அந்தப் பாவத்தை நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் அவற்றின் கழுத்தைத் தடவிக் கொடுப்பேன்.

காகித வேலை: முன்கூட்டி விசா தேவையில்லை, ஆனால் கிளம்பும் முன் இணையத்தில் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு கையில் இருக்கட்டும். மும்பையிலிருந்து நேர் விமானம் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். மலிவாக இருக்கிறதென்று அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போவதாக இருந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்பே போட்டுச் சான்றிதழ் வைத்துக்கொள்ளுங்கள்; சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அம்மா அறுபதைத் தாண்டியவர் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் அவருக்குப் போடவேண்டாம். இதற்காகவே நேர் விமானம் நல்லது. பிளக் மூன்று சதுரக் கம்பி, அடாப்டர் வேண்டும். பழம், காய், விதை, இலை எதுவும் கொண்டுபோகாதீர்கள், தாவரச் சோதனை கடுமை. அவர்களுடைய ரூபாய் நம் ரூபாயில் ஏறக்குறைய ஆறு மடங்கு. பெரும்பாலான பொருள் கப்பலில் வருவதால் விலை கடிக்கும். சமையலறையுள்ள தங்குமிடம் எடுங்கள். விக்டோரியா மார்க்கெட்டில் சனிக்கிழமை காலையிலேயே வாங்கிவிடுங்கள், ஞாயிறு ஊர் தூங்கும். அங்கே ஈரப்பலா என்ற சீமைப்பலாவைச் சுட்டும் வறுத்தும் விற்பார்கள். சாப்பிட்டவர் மறுபடி அந்தத் தீவுக்கு வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் மூன்று முறை போயிருக்கிறேன்.

தங்குவது இப்படி வையுங்கள்: மாஹேயில் மூன்று இரவு, பிராலினில் மூன்று இரவு, லா டீக்குக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு நாள். மீதி ஒரு இரவு திரும்பும் விமானத்துக்கு முன் மாஹேயில். படகு தவறினாலும் விமானம் தவறாது. லா டீக்கில் சைக்கிள்தான் வாகனம், அம்மாவுக்கு டாக்ஸி சொல்லிவைக்கலாம். அங்கே ஆன்ஸ் சூர்ஸ் தார்ஜான் என்ற இடத்தில் யானை போன்ற பாறைகளுக்கு நடுவே, பவளத் திட்டு அலையைத் தடுப்பதால் தண்ணீர் முழங்காலளவே நிற்கும். ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறினால் மணல் சுருங்கி நடக்க இடம் இருக்காது, வற்றினால் பாப்பா மணிக்கணக்கில் விளையாடலாம். தேதியை முடிவு செய்ததும் எழுதுங்கள். அந்த வாரத்து ஓத அட்டவணையைப் பார்த்து, லா டீக்குக்கு எந்த நாள், எத்தனை மணிப் படகு என்று குறித்து அனுப்புகிறேன்.